ஃபோல்டர் நகர மறுத்தால்… (கணினி கேள்வி-பதில்)

கடலூர், புதுச்சேரி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் ஃபோல்டரை இடம் மாற்றும்போது வரும் தொல்லைகள் பற்றியவற்றை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டிருக்கிறோம். பதில்கள் விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் பொருந்தும். கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் அச்சிட்டிருக்கிறோம். கணினியில் தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

கல்யாண வீடியோ ஃபோல்டர், 60 ஜிபி. டி டிரைவுக்குள்ளேயே இடம் மாற்றினால் ஒரு நொடிகூட ஆவதில்லை. எக்ஸ்டர்னல் டிஸ்க்குக்கு மாற்றினால் முக்கால் மணி நேரம் ஆகிறது. நடுவில் கரன்ட் போனால் என்ன ஆகும்?
– போட்டோ ஸ்டுடியோ, மஞ்சக்குப்பம்

இரண்டையும் ‘மூவ்’ என்றுதான் சொல்கிறோம், ஆனால் உள்ளே நடப்பது வேறு வேறு. ஒரே டிரைவுக்குள் நகர்த்தும்போது ஃபைல் இருந்த இடத்தை விட்டு அசைவதே இல்லை. ‘இந்த ஃபோல்டர் இனி அந்த ஃபோல்டருக்குள் இருக்கிறது’ என்று டிரைவின் பதிவேட்டில் ஒரு வரி மாறுகிறது, அவ்வளவுதான். அதனால் 6 எம்பியானாலும் 60 ஜிபியானாலும் ஒரே நேரம். வேறு டிரைவுக்குப் போகும்போது முழுசாக நகல் எடுத்து, பிறகு பழையதை அழிக்க வேண்டும். யுஎஸ்பி 2.0 போர்ட்டில் நொடிக்கு 30 எம்பி கிடைத்தாலே அதிகம். 60 ஜிபிக்குக் கணக்குப் போட்டால் 34 நிமிடம் வரும். அதே 60 ஜிபி சின்னச் சின்ன போட்டோக்களாக இருந்தால் இன்னும் இழுக்கும், ஏனென்றால் ஒவ்வொரு ஃபைலுக்கும் திறப்பது, எழுதுவது, பதிவது என்று தனித்தனி வேலை உண்டு. நீல நிற யுஎஸ்பி 3.0 போர்ட் இருந்தால் அதில் செருகுங்கள்.

கரன்ட் போனால் போன வரைக்கும் புதிய இடத்தில் இருக்கும், மீதி பழைய இடத்தில் நிற்கும். அந்த நேரத்தில் போய்க்கொண்டிருந்த ஃபைல் அரைகுறையாக இருக்கலாம். எது வந்தது, எது வரவில்லை என்று ஆயிரம் படங்களுக்கு நடுவே தேடுவதுதான் பெரிய அவதி. ஆகவே வேறு டிரைவுக்கு மாற்றும்போது கட் செய்யவே வேண்டாம். காப்பி செய்யுங்கள். இரண்டு ஃபோல்டரிலும் ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸில் ஃபைல் எண்ணிக்கையும் பைட் அளவும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு மூன்று வீடியோவைப் புதிய இடத்திலிருந்தே ஓட்டிப் பாருங்கள். அப்புறம் பழையதை அழிக்கலாம். மடிக்கணினி என்றால் சார்ஜரைச் செருகி, ஸ்லீப் நேரத்தை ‘நெவர்’ என்று வைத்துவிட்டு ஆரம்பியுங்கள்.

உங்களைப் போல் அடிக்கடி பெரிய ஃபோல்டர்களைக் கையாள்கிறவர்களுக்கு விண்டோஸிலேயே இருக்கும் ரோபோகாப்பி என்ற நகல் கட்டளை நல்லது. கமாண்ட் ப்ராம்ப்ட்டைத் திறந்து இப்படித் தட்டுங்கள்:

ரோபோகாப்பி "டி:\கல்யாணம்" "எஃப்:\கல்யாணம்" /இ /ஆர்:2 /டபிள்யூ:5

‘/இ’ என்பது உள் ஃபோல்டர்கள் எல்லாவற்றையும், காலியாக இருப்பதையும் சேர்த்து, எடுக்கச் சொல்கிறது. கரன்ட் வந்ததும் அதே வரியை மறுபடி தட்டினால் ஏற்கெனவே சரியாகப் போனவற்றைத் தாண்டிவிட்டு மீதியை மட்டும் எடுக்கும். ‘/ஆர்:2 /டபிள்யூ:5’ என்பதை விட்டுவிடாதீர்கள். ஒரு ஃபைல் படிக்க வரவில்லை என்றால் ரோபோகாப்பி தானாக 10 லட்சம் தடவை முயலும், ஒவ்வொரு தடவைக்கும் நடுவே 30 நொடி காத்திருக்கும். கணக்குப் பார்த்தால் ஒரே ஃபைலுக்காக 347 நாள்! இணையத்தில் யாராவது ‘/எம்ஐஆர்’ சேர்க்கச் சொன்னால் கேட்காதீர்கள். மூலத்தில் இல்லாததை எல்லாம் போய்ச் சேரும் டிஸ்க்கிலிருந்து அது அழித்துவிடும்.

நேற்று வரை இருந்த ஃபோல்டர் இன்று காணோம். யாரும் அழிக்கவில்லை. ரீசைக்கிள் பின்னிலும் இல்லை.
– வாசகி, லாஸ்பேட்டை

அநேகமாகப் பக்கத்து ஃபோல்டருக்குள் விழுந்திருக்கும். கிளிக் செய்யும்போது கை லேசாக இழுத்துவிட்டால் ‘டிராக்’ ஆகிவிடும். ஒரே டிரைவுக்குள் இழுத்து விட்டால் விண்டோஸ் கேள்வி கேட்காமல் நகர்த்தும். வேறு டிரைவுக்கு இழுத்தால் நகல் எடுக்கும். இந்த வித்தியாசம் தெரியாமல்தான் பலர் ஒரே ஃபோல்டரை இரண்டு இடத்தில் வைத்துக்கொண்டு எதில் திருத்தினோம் என்று குழம்புகிறார்கள்.

விழுந்ததை அப்போதே கவனித்தால் கன்ட்ரோல் + இசட் போதும். ஒரு தடவைதான் அழுத்த வேண்டும். பதற்றத்தில் நாலைந்து தடவை அழுத்தினால் அதற்கு முன் செய்த வேலைகளும் திரும்பிப் போகும். மறுநாள் தெரியவந்தால், ‘திஸ் பிசி’யில் நின்று ஃபோல்டர் பெயரில் ஒரு சொல்லை மட்டும் கொடுத்துத் தேடுங்கள். பெயரே மறந்துபோனால் உள்ளே இருந்த ஏதாவது ஒரு ஃபைல் பெயரைத் தேடி, கிடைத்ததில் ரைட் கிளிக் செய்து ‘ஓபன் ஃபைல் லொகேஷன்’ கொடுங்கள்.

மறுபடி நடக்காமல் இருக்க, இழுக்கும்போது இடது பட்டனுக்குப் பதில் வலது பட்டனை அழுத்தி இழுத்துப் பழகுங்கள். விட்டதும் ‘மூவ் ஹியர்’, ‘காப்பி ஹியர்’, ‘கேன்சல்’ என்று கேட்கும். இழுத்துக்கொண்டிருக்கும்போதே மனம் மாறினால் பட்டனை விடாமல் எஸ்கேப் அழுத்தலாம். வீட்டில் குழந்தைகளும் பெரியவர்களும் அதே மவுஸைப் பிடிக்கிறார்கள் என்றால் இழுவையின் உணர்திறனையே குறைத்துவிடலாம். விண்டோஸ் கீ + ஆர் அழுத்தி ‘ரெஜெடிட்’ என்று தட்டினால் ரெஜிஸ்ட்ரி எடிட்டர் (விண்டோஸ் தன் அமைப்புகளை எழுதி வைக்கும் பதிவேடு) திறக்கும். அதில் எச்கீ கரன்ட் யூசர் → கன்ட்ரோல் பேனல் → டெஸ்க்டாப் போனால் ‘டிராக்ஹைட்’, ‘டிராக்விட்த்’ என்று இரண்டு இருக்கும். இரண்டிலும் 4 என்றிருக்கும், அதாவது மவுஸ் 4 புள்ளி நகர்ந்தாலே இழுவை ஆரம்பம். 40 ஆக்கிவிட்டு சைன் அவுட் செய்து உள்ளே வாருங்கள்.

ஃபோல்டரை நகர்த்தப் போனால் ‘வேறு புரோகிராமில் திறந்திருக்கிறது’ என்கிறது. எல்லாவற்றையும் மூடிவிட்டோம். எந்த புரோகிராம் என்று சொல்லவும் மாட்டேன் என்கிறது. டேலி (கணக்கு எழுதும் மென்பொருள்) டேட்டா ஃபோல்டரும் இதில் உண்டு.
– கணக்கு அலுவலகம், நெல்லித்தோப்பு

முதலில் சந்தேகப்பட வேண்டியது ஃபைல் எக்ஸ்ப்ளோரரையே. வலப்பக்கம் ப்ரிவியூ பேன் திறந்திருந்தால், நீங்கள் ஒரு முறை தொட்ட பிடிஎஃப் அல்லது எக்செல் ஃபைலை அது பிடித்து வைத்திருக்கும். ஆல்ட் + பி அழுத்தி அதை மூடிவிட்டு மறுபடி நகர்த்திப் பாருங்கள்.

அதற்கும் மசியவில்லை என்றால் ஆளைக் கண்டுபிடிக்க வேண்டியதுதான். விண்டோஸ் கீ + ஆர் அழுத்தி ‘ரெஸ்மான்’ (ஆர்-இ-எஸ்-எம்-ஓ-என்) என்று தட்டுங்கள். ரிசோர்ஸ் மானிட்டர் திறக்கும். அதில் சிபியு டேபுக்குப் போய், ‘அசோசியேட்டட் ஹேண்டில்ஸ்’ பகுதியின் தேடல் பெட்டியில் ஃபோல்டர் பெயரில் ஒரு துண்டைக் கொடுங்கள். அதைப் பிடித்துக்கொண்டிருக்கும் புரோகிராமின் பெயர் கீழே வரும். எக்செல் மூடிய பிறகும் பின்னணியில் ஒன்று ஓடிக்கொண்டிருப்பது, ஆன்டிவைரஸ் சோதித்துக்கொண்டிருப்பது, பேக்கப் சாஃப்ட்வேர் வேலை செய்வது, இப்படி ஏதாவது ஒன்றாகத்தான் இருக்கும். மைக்ரோசாஃப்டின் பவர்டாய்ஸ் போட்டிருந்தால் இன்னும் எளிது: ஃபோல்டரில் ரைட் கிளிக் செய்தால் ‘ஃபைல் லாக்ஸ்மித்’ வரும், அதுவே பட்டியல் போடும். பட்டியலில் தெரியாத பெயர் இருந்தால் உடனே ‘எண்ட் டாஸ்க்’ கொடுத்துவிட வேண்டாம். சேமிக்காத எக்செல் ஒன்று அதில் மாட்டியிருக்கலாம்.

அலுவலகம் என்பதால் இன்னொன்று. அந்த ஃபோல்டர் நெட்வொர்க்கில் ஷேர் ஆகியிருந்தால், பிடித்திருப்பவர் பக்கத்து மேசைக்காரராக இருக்கலாம். உங்கள் கணினியில் எத்தனை தடவை மூடினாலும் பயனில்லை. ஃபோல்டர் எந்தக் கணினியில் இருக்கிறதோ அங்கே போய் கம்ப்யூட்டர் மேனேஜ்மென்ட் → ஷேர்டு ஃபோல்டர்ஸ் → ஓபன் ஃபைல்ஸ் பார்த்தால் யார், எதைத் திறந்திருக்கிறார் என்று தெரியும்.

டேலியைப் பொறுத்தவரை எல்லா கணினியிலும் மூடிய பிறகுதான் டேட்டாவைத் தொட வேண்டும். 10000 என்பது போல எண்ணே பெயராக உள்ள ஃபோல்டர்தான் ஒரு கம்பெனி. அதை முழுசாக எடுங்கள், உள்ளிருந்து சில ஃபைல்களை மட்டும் பொறுக்காதீர்கள். நகர்த்திய பிறகு கம்பெனியைக் காணோம் என்று அலற வேண்டாம். செலக்ட் கம்பெனி திரையில் ‘ஸ்பெசிஃபை பாத்’ கொடுத்து, எண் ஃபோல்டருக்கு வெளியே உள்ள தாய் ஃபோல்டரைக் காட்டினால் வந்துவிடும். 20-ம் தேதி ஜிஎஸ்டிஆர்-3பி கெடு நெருங்கும் வாரத்தில் மட்டும் இந்த வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள்.

எல்லாம் போன பிறகும் காலி ஃபோல்டர் மட்டும் அழியாமல் நிற்கிறதா? டாஸ்க் மேனேஜரில் விண்டோஸ் எக்ஸ்ப்ளோரரை ‘ரீஸ்டார்ட்’ செய்துவிட்டு அழியுங்கள்.

சி டிரைவ் நிரம்பிவிட்டது என்று டாகுமெண்ட்ஸ் ஃபோல்டரை டி டிரைவுக்கு மாற்றினேன். இப்போது டி டிரைவே ‘டாகுமெண்ட்ஸ்’ ஆகிவிட்டது. ‘ரீஸ்டோர் டீஃபால்ட்’ அழுத்தினால் மறுக்கிறது.
– ஆசிரியை, திருப்பாதிரிப்புலியூர்

லொகேஷன் டேபில் ‘மூவ்’ கொடுத்தபோது டி டிரைவுக்குள் தனி ஃபோல்டர் ஒன்றைக் காட்டாமல் டி டிரைவையே தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். டாகுமெண்ட்ஸ், பிக்சர்ஸ், டவுன்லோட்ஸ் எல்லாம் சாதாரண ஃபோல்டர் அல்ல. விண்டோஸ் ஒரு முகவரிப் பட்டியலில் எழுதி வைத்திருக்கும் இடங்கள் அவை. இப்போது அந்தப் பட்டியலில் ‘டாகுமெண்ட்ஸ் = டி டிரைவ் முழுவதும்’ என்று எழுதியிருக்கிறது. பழைய நிலைக்குத் திரும்பச் சொன்னால் டி டிரைவில் உள்ள அத்தனையையும் சி டிரைவுக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டியிருக்கும். அதனால்தான் மறுக்கிறது. உங்கள் ஃபைல் எதுவும் தொலையவில்லை, கவலை வேண்டாம்.

முகவரியைக் கையால் திருத்த வேண்டும். முதலில் சி டிரைவ் → யூசர்ஸ் → உங்கள் பெயர் என்ற இடத்தில் ‘டாகுமெண்ட்ஸ்’ ஃபோல்டர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்தப் பெயரிலேயே புதிதாக ஒன்று போடுங்கள். பிறகு விண்டோஸ் கீ + ஆர், ‘ரெஜெடிட்’. எச்கீ கரன்ட் யூசர் → சாஃப்ட்வேர் → மைக்ரோசாஃப்ட் → விண்டோஸ் → கரன்ட் வெர்ஷன் → எக்ஸ்ப்ளோரர் → யூசர் ஷெல் ஃபோல்டர்ஸ் வரை போங்கள். அதே பட்டியலில் ‘ஷெல் ஃபோல்டர்ஸ்’ என்று இன்னொன்றும் இருக்கும். அது நமக்கு வேண்டாம், ‘யூசர்’ என்று தொடங்குவதுதான். எதையும் மாற்றுவதற்கு முன் அதன் மேல் ரைட் கிளிக் செய்து ‘எக்ஸ்போர்ட்’ கொடுத்து ஒரு நகல் எடுத்து வையுங்கள்.

வலப்பக்கத்தில் ‘பர்சனல்’ என்று இருப்பதுதான் டாகுமெண்ட்ஸ். பெயர் பொருந்தவில்லையே என்று தேடி அலைய வேண்டாம், பழைய காலத்துப் பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதை டபுள் கிளிக் செய்து இப்படி மாற்றுங்கள்:

%யூசர்ப்ரொஃபைல்%\டாகுமெண்ட்ஸ்

டவுன்லோட்ஸில் இதே தவறு செய்தவர்களுக்கு: அதற்குப் பெயரே இருக்காது. அடைப்புக்குறிக்குள் 374 என்று தொடங்கும் நீண்ட குறியீடுதான் அது. அதில் %யூசர்ப்ரொஃபைல்%\டவுன்லோட்ஸ் என்று கொடுக்க வேண்டும். படங்களுக்கு ‘மை பிக்சர்ஸ்’, வீடியோவுக்கு ‘மை வீடியோ’. சைன் அவுட் செய்து வந்தால் டி டிரைவ் பழையபடி டி டிரைவ் ஆகிவிடும். பெயர் மட்டும் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தால், மறைந்திருக்கும் ஃபைல்களைக் காட்டச் சொல்லி, டி டிரைவின் வாசலில் கிடக்கும் ‘டெஸ்க்டாப்.ஐஎன்ஐ’ ஃபைலை அழித்துவிடுங்கள்.

இப்போது சரியான முறையில் மாற்றலாம். டி டிரைவில் ‘என் ஆவணங்கள்’ என்று காலி ஃபோல்டர் ஒன்று போட்டு, டாகுமெண்ட்ஸ் → ப்ராப்பர்ட்டீஸ் → லொகேஷன் → மூவ் கொடுத்து அந்த ஃபோல்டருக்குள் போய் ‘செலக்ட் ஃபோல்டர்’ அழுத்துங்கள். பழைய ஃபைல்களையும் நகர்த்தவா என்று கேட்கும்போது ‘யெஸ்’. பிக்சர்ஸுக்கு வேறு ஃபோல்டர், டவுன்லோட்ஸுக்கு வேறு ஃபோல்டர். இரண்டை ஒரே ஃபோல்டருக்குக் காட்டினால் ஒட்டிக்கொள்ளும், பிரிப்பது பெரும்பாடு.

ஒன் டிரைவ் (மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பிடம்) பேக்கப் ஓடிக்கொண்டிருக்கும் கணினியில் இது எதுவும் ஒழுங்காக நடக்காது. அதில் டாகுமெண்ட்ஸ் ஏற்கெனவே ஒன் டிரைவ் ஃபோல்டருக்குள் குடியேறியிருக்கும். ஒன் டிரைவ் செட்டிங்ஸ் → சிங்க் அண்ட் பேக்கப் → மேனேஜ் பேக்கப் போய் டாகுமெண்ட்ஸை நிறுத்திய பிறகே மேலே சொன்னதைத் தொடங்குங்கள்.

ஒன் டிரைவிலிருந்து ஃபோல்டரை டி டிரைவுக்கு நகர்த்தினேன். போனில் இருந்ததும் போய்விட்டது!
– வில்லியனூர்

போகத்தான் செய்யும். வெளியே நகர்த்தினால் கிளவுடிலிருந்து அழித்ததாகத்தான் கணக்கு. தனிநபர் கணக்கென்றால் ஒன் டிரைவ் இணையதளத்தின் ரீசைக்கிள் பின்னில் 30 நாள் வரை இருக்கும். மேகப் படம் போட்ட ஃபைல்கள் கணினியிலேயே கிடையாது, அவற்றை நகர்த்தும்போது முதலில் முழுசாக டவுன்லோட் ஆக வேண்டும். நெட் மெதுவாக இருந்தால் நகர்த்தல் தொங்கி நிற்பதும் இதனால்தான். இலவசக் கணக்கில் 5 ஜிபிதான், அதற்காகவே இடம் மாற்றினீர்கள் என்றால் தவறில்லை.

தமிழில் பெயர் வைத்த ஃபோல்டர்களை நகர்த்தும்போது ‘பாத் டூ லாங்’ என்று வருகிறது. ஆங்கிலப் பெயருள்ளவை போகின்றன. தமிழ் ஆகாதா?
– ஆய்வு மாணவர், கடலூர் முதுநகர்

தமிழ் ஆகும். எண்ணும் விதம்தான் சிக்கல். டிரைவ் எழுத்திலிருந்து ஃபைல் பெயரின் கடைசி எழுத்து வரை 260 குறிகளுக்குள் அடங்க வேண்டும் என்பது விண்டோஸின் பழைய விதி. ஃபோல்டர் பாதைக்கு அதைவிடக் குறைவு, 248. நாம் ஒரு எழுத்து என்று நினைப்பதைக் கணினி பெரும்பாலும் இரண்டாக எண்ணுகிறது. ‘க்’ என்றால் க ஒன்று, புள்ளி ஒன்று. ‘சே’ என்றால் ச ஒன்று, இரட்டைக் கொம்பு ஒன்று. ‘புதுச்சேரி’ நமக்கு ஐந்து எழுத்து, கணினிக்குப் பத்து. நீங்கள் அனுப்பிய பட்டியலில் உள்ள ‘கடலூர் மாவட்டக் கோயில் கல்வெட்டுகள்’ கண்ணுக்கு இடைவெளி உட்பட 22, கணினிக்கு 35. இப்படி ஆறு அடுக்கு வைத்தால் 219 ஆகிவிடும், ஏழாவது அடுக்குக்கு இடமில்லை.

சில நேரம் நகர்த்தல் நடந்துவிடும், ஆனால் உள்ளே ஆழத்தில் இருக்கும் ஃபைல் திறக்காது. வெளி ஃபோல்டரின் பெயர் வரி மட்டும் மாறியது, உள்ளே இருப்பவற்றின் பாதை நீண்டதைக் கணினி அப்போது பார்க்கவில்லை என்பதே காரணம். மேல் அடுக்கில் உள்ள ஒரு பெயரைச் சுருக்கினால் உடனே திறக்கும். ‘கடலூர் மாவட்டக் கோயில் கல்வெட்டுகள்’ என்பதற்குள் போடும் ஃபோல்டருக்குப் பெயரில் மறுபடியும் ‘கடலூர் மாவட்ட’ எதற்கு? ‘திருவதிகை’ என்று மட்டும் போட்டால் போதாதா?

பெயரைத் தொடவே கூடாது என்றால் சப்ஸ்ட் என்ற கட்டளை கைகொடுக்கும். ‘சப்ஸ்ட் இசட்: "டி:\நீண்ட பாதை"’ என்று கொடுத்தால் அந்த ஆழமான ஃபோல்டரே இசட் டிரைவ் போலத் தெரியும். பாதை இசட்-லிருந்து தொடங்குவதால் குறுகிவிடும். வேலை முடிந்ததும் ‘சப்ஸ்ட் இசட்: /டி’. ரோபோகாப்பிக்கும் நீண்ட பாதை ஒரு பொருட்டல்ல. விண்டோஸ் 10-ன் 1607 பதிப்பிலிருந்து இந்த 260 தடையை நீக்க ரெஜிஸ்ட்ரியில் வழி உண்டு, ஆனால் ஃபைல் எக்ஸ்ப்ளோரர் அதை மதிப்பதில்லை என்பதால் உங்களுக்குப் பெரிய பலன் இராது.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. ‘கோயில்’ என்ற பெயரில் ஒரே இடத்தில் இரண்டு ஃபோல்டர் இருப்பதாகச் சொல்லியிருந்தீர்கள். ‘கோ’வின் குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், இரட்டைக் கொம்பும் காலும் சேர்ந்தது போல இரண்டு குறியாகவும் சேமிக்கலாம். இரண்டு விதமான தட்டச்சு மென்பொருளில் அடித்திருப்பீர்கள். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. தேடினால் ஒன்றுதான் அகப்படும். ஒன்றில் உள்ளதை மற்றதுக்கு மாற்றிவிட்டுக் காலியானதை அழித்துவிடுங்கள்.

பென் டிரைவில் 50 ஜிபி காலி. 7 ஜிபி வீடியோ போகமாட்டேன் என்கிறது.
– பாகூர்

பென் டிரைவ் ஃபேட்32 முறையில் இருக்கிறது. அதில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்டக் கூடாது. காலி இடம் எவ்வளவு இருந்தாலும் இதுதான் விதி. உள்ளே இருப்பதைக் கணினியில் நகல் எடுத்துவிட்டு, ரைட் கிளிக் → ஃபார்மட் → எக்ஸ்ஃபேட். ஃபார்மட் செய்யாமலே மாற்ற ‘கன்வர்ட் எஃப்: /எஃப்எஸ்:என்டிஎஃப்எஸ்’ கட்டளை உண்டு, ஆனால் பழைய டிவியும் கார் ஸ்டீரியோவும் என்டிஎஃப்எஸ்ஸைப் படிக்காமல் போகலாம்.

பழைய கணினியின் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி உறை வாங்கிப் போட்டேன். டிஸ்க் தெரிகிறது. என் ஃபோல்டரை நகர்த்தினால் ‘எஸ்-1-5-21…’ என்று ஒரு நீண்ட எண்ணிடம் அனுமதி வாங்கச் சொல்கிறது. யார் அது?
– முத்தியால்பேட்டை

நீங்கள்தான். பழைய விண்டோஸில் உங்கள் கணக்குக்கு இருந்த எண் அது. புதிய கணினிக்கு அந்த ஆளைத் தெரியாததால் பெயர் போடாமல் எண்ணைக் காட்டுகிறது. ஃபோல்டரில் ரைட் கிளிக் → ப்ராப்பர்ட்டீஸ் → செக்யூரிட்டி → அட்வான்ஸ்ட். மேலே ‘ஓனர்’ பக்கத்தில் ‘சேஞ்ச்’ அழுத்தி, இப்போதைய யூசர் பெயரைத் தட்டி ‘செக் நேம்ஸ்’ கொடுத்து ஓகே. ‘ரிப்ளேஸ் ஓனர் ஆன் சப்கன்டெய்னர்ஸ்’ பெட்டியில் டிக் போட மறந்தால் வெளி ஃபோல்டர் மட்டும் உங்களுடையதாகும், உள்ளே உள்ளவை பழையபடியே முரண்டு பிடிக்கும். அப்ளை கொடுத்து எல்லா ஜன்னலையும் மூடிவிட்டு, மறுபடி அதே இடத்துக்கு வந்து ‘ஆட்’ அழுத்தி உங்கள் பெயருக்கு ‘ஃபுல் கன்ட்ரோல்’ கொடுங்கள்.

உங்கள் ஃபோல்டருக்கு மட்டும் இதைச் செய்யுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் கணினியின் விண்டோஸ், புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டர்களில் இந்தச் சோதனை கூடாது. டிஸ்க்கைத் திறக்கும்போதே 48 இலக்க ரெக்கவரி கீ கேட்டால் அது பிட்லாக்கர் என்ற விண்டோஸ் பூட்டு, அனுமதிப் பிரச்சினை இல்லை. பழைய கணினியில் பயன்படுத்திய மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து அந்தக் கீ இருக்கிறதா என்று பாருங்கள்.

இடம் பற்றாமல் புரோகிராம் ஃபைல்ஸிலிருந்து ஒரு சாஃப்ட்வேர் ஃபோல்டரை டி டிரைவுக்கு நகர்த்தினேன். இப்போது திறக்கவில்லை.
– அரியாங்குப்பம்

அதே இடத்தில், அதே பெயரில் திரும்ப வையுங்கள், திறக்கும். அதன் முகவரி ரெஜிஸ்ட்ரியில் பல இடங்களில் எழுதப்பட்டிருக்கிறது. டி டிரைவில்தான் வேண்டும் என்றால் அன்இன்ஸ்டால் செய்து அங்கே புதிதாக நிறுவுங்கள்.

வாடிக்கையாளர்கள் கொண்டுவரும் பென் டிரைவில் ஃபோல்டர் எல்லாம் ஷார்ட்கட் ஆகியிருக்கிறது. காப்பி செய்தால் 1 கேபி, 2 கேபிதான் வருகிறது.
– ஜெராக்ஸ் கடை, கடலூர் பேருந்து நிலையம் அருகில்

அந்த ஷார்ட்கட்டை டபுள் கிளிக் செய்யாதீர்கள், வைரஸ் ஓடுவதே அதனால்தான். ஃபோல்டர்கள் அழியவில்லை, ஒளித்து வைக்கப்பட்டிருக்கின்றன. ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் ‘வியூ’ டேபுக்குப் போய் ‘ஷோ ஹிடன் ஃபைல்ஸ்’ தேர்ந்தெடுத்து, ‘ஹைட் ப்ரொடெக்டட் ஆபரேட்டிங் சிஸ்டம் ஃபைல்ஸ்’ டிக்கையும் எடுங்கள். இரண்டாவதை விட்டால் பலதும் தெரியாது. பெயரே இல்லாத ஒரு மங்கலான ஃபோல்டருக்குள் எல்லாம் குவிந்திருப்பதும் உண்டு. அல்லது கமாண்ட் ப்ராம்ப்ட்டில், பென் டிரைவ் எஃப் என்றால்:

அட்ரிப் -எச் -ஆர் -எஸ் /எஸ் /டி எஃப்:\*.*

வெளியே வந்த ஆவணங்களை மட்டும் எடுத்துக்கொண்டு, டிஃபெண்டரில் சோதித்து, வாடிக்கையாளர் ஒத்துக்கொண்டால் பென் டிரைவை ஃபார்மட் செய்யுங்கள். ஒருவருக்குச் சரிசெய்தும் அடுத்தவர் டிரைவிலும் அதே வந்தால், வைரஸ் இருப்பது உங்கள் கடைக் கணினியில்.

ஐபோன் படங்களை நகர்த்தினால் பாதியில் ‘டிவைஸ் நாட் ஃபங்ஷனிங்’ என்று நின்றுவிடுகிறது.
– முதலியார்பேட்டை

போனின் செட்டிங்ஸில் போட்டோஸுக்குள் ‘டிரான்ஸ்ஃபர் டு மேக் ஆர் பிசி’ என்பதை ‘கீப் ஒரிஜினல்ஸ்’ ஆக்குங்கள். ‘ஆட்டோமேட்டிக்’கில் இருந்தால் ஒவ்வொரு படத்தையும் வேறு வடிவத்துக்கு மாற்றி அனுப்பப் பார்த்து நடுவில் மூச்சு வாங்குகிறது. எந்தப் போனாக இருந்தாலும் நேராக கட் செய்யாதீர்கள்.

எக்ஸ்டர்னல் டிஸ்க்குக்கு நகர்த்தும்போது ‘டொய்ங்’ என்ற சத்தத்தோடு டிஸ்க் மறைகிறது, மறுபடி வருகிறது. டிஸ்க் போய்விட்டதா?
– தேவனாம்பட்டினம்

முதலில் வயரையும் போர்ட்டையும் பாருங்கள். கடற்கரைக்கு இவ்வளவு பக்கத்தில் உப்புக்காற்று யுஎஸ்பி முனைகளைச் சீக்கிரம் அரிக்கும். கணினியை அணைத்து, பிளக்கின் உலோகப் பற்களை ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்துக் காயவிடுங்கள். டெஸ்க்டாப்பில் முன்பக்க போர்ட் வேண்டாம், பின்பக்கம் செருகுங்கள். ஹப்பும் வேண்டாம். யுஎஸ்பி 2.0 போர்ட் 500 மில்லி ஆம்பியர்தான் தரும், 3.0 என்றால் 900. சுழலும் டிஸ்க்குக்கு இந்த வித்தியாசம் பெரிது. பவர் ஆப்ஷன்ஸின் அட்வான்ஸ்ட் செட்டிங்ஸில் ‘யுஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட்’ என்பதை டிஸேபிள் செய்யுங்கள்.

வேறு வயர், வேறு போர்ட், வேறு கணினி மூன்றிலும் அதே கதை என்றால் டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளைப் போட்டுப் பாருங்கள். நீலத்தில் ‘குட்’ என்றால் தப்பித்தீர்கள். மஞ்சளில் ‘காஷன்’ என்று வந்து, ‘கரன்ட் பெண்டிங் செக்டர்’ வரியில் பூஜ்யம் அல்லாத எண் இருந்தால் அந்த டிஸ்க்குக்கு இனி எதையும் கொண்டுபோகாதீர்கள், அதிலிருந்து வெளியே எடுங்கள். அந்த நிலையில் ‘செக்டிஸ்க் /ஆர்’ என்ற பழுதுபார்க்கும் கட்டளையை ஓட்டினால் டிஸ்க் முழுவதையும் மணிக்கணக்கில் உருட்டிப் படிக்கும், பாதியிலேயே கைவிட்டாலும் விடும். எனவே முக்கியமான ஃபோல்டர்களை முதலில், பெரிய வீடியோக்களைக் கடைசியில் நகல் எடுத்துவிட்டு, அதற்குப் பிறகு பழுதுபார்ப்பதைப் பற்றி யோசியுங்கள்.